சம்பள வரம்பு இருந்தும் சூப்பர் டீம் எப்படி?

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவில் ஓர் அணியின் மொத்தச் சம்பளத்துக்கு வரம்பு பல வருடங்களாக இருக்கிறது. அப்படியும் 2016இல் நட்சத்திர வீரர் கெவின் டுராண்ட், ஏற்கனவே பலமான கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸில் போய்ச் சேர்ந்தாரே, எப்படி? 2023இல் வந்த விதிகளாவது இப்படி நட்சத்திரங்கள் குவியும் சூப்பர் டீம்களைத் தடுக்குமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அந்த வருத்தம் எனக்கு இன்னும் ஆறவில்லை. அவர் சேருவதற்கு முந்தைய சீசனில் 82 ஆட்டங்களில் 73 வென்ற அணி அது. டுராண்ட் ஆடிய ஓக்லஹோமா சிட்டியை 3-1 என்ற பின்னடைவிலிருந்து மீண்டு வீழ்த்திய அணியும் அதுதான். 2017 பிப்ரவரியில் அவர் பழைய ஊரில் ஆட வந்தபோது ரசிகர்கள் 'கப்கேக்' (தைரியமில்லாதவன் என்ற கேலி) என்று கத்தினார்கள், கப்கேக் படம் போட்ட டி-ஷர்ட்டோடு வந்தார்கள். அவர் 34 புள்ளிகள் எடுத்து ஜெயித்துவிட்டுப் போனார்.

அந்த சீசனின் சம்பளப் பட்டியலைப் பாருங்கள். டுராண்டுக்குச் சுமார் 2.65 கோடி டாலர். கிளே தாம்சனுக்கு 1.67, டிரேமண்ட் கிரீனுக்கு 1.53. ஒரு ஓட்டுகூடச் சிதறாமல் முந்தைய சீசனின் எம்விபி (சிறந்த வீரர்) ஆன ஸ்டெஃப் கறிக்கு 1.21 கோடிதான், அணியில் நாலாவது இடம்! கணுக்கால் காயங்களோடு அவர் அவதிப்பட்ட 2012இல் போட்ட ஒப்பந்தம் அது. அப்புறம், புதிய டிவி பணம் வந்ததில் வரம்பு ஒரே கோடையில் 7 கோடியிலிருந்து 9.4 கோடிக்கு எகிறியது. படிப்படியாக ஏற்றலாம் என்று லீக் கேட்டும் வீரர்கள் சங்கம் ஒத்துக்கொள்ளவில்லை. அணியிலிருந்த ஹாரிசன் பார்ன்ஸையும் ஆண்ட்ரூ போகட்டையும் விட்டதும் டுராண்டுக்கு இடம் கிடைத்துவிட்டது.

இன்னொன்றும் உண்டு. தனி வீரருக்கும் உச்சவரம்பு இருக்கிறது. எவ்வளவு பெரிய நட்சத்திரமானாலும் எந்த அணியும் அதற்கு மேல் தர முடியாது. பணத்தில் பெரிய வித்தியாசம் இல்லை என்றால், கோப்பை எங்கே கிடைக்கும் என்றுதானே யோசிப்பார்? இதை மாற்றாமல் அந்த ஆசை போகாது என்பது என் உறுதியான எண்ணம்.

சரி, லீக்கும் வீரர்கள் சங்கமும் போட்ட 2023 ஒப்பந்தத்துக்கு வருவோம். இனி வரம்பு வருடத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏறாது. 2016 மாதிரி இன்னொரு கோடை வராது. சம்பள வரம்புக்கும் மேலே 'செகண்ட் ஏப்ரன்' என்று இன்னொரு கோடு, 2025-26இல் சுமார் 20.8 கோடி டாலர். அதைத் தாண்டினால் இரண்டு வீரர்களின் சம்பளத்தைச் சேர்த்து ஒரு பெரிய வீரரை ட்ரேடில், அதாவது அணிகள் வீரர்களை மாற்றிக்கொள்வதில், வாங்க முடியாது. ஏழு வருடம் தள்ளி வரும் முதல் சுற்று டிராஃப்ட் (புது இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் முறை) வாய்ப்பும் முடக்கப்படும். 2024 சாம்பியன் பாஸ்டன் அடுத்த கோடையிலேயே ஜ்ரூ ஹாலிடேயையும் போர்சிங்கிஸையும் ட்ரேடில் அனுப்பியது இதனால்தான். ஆக, விதி கடிக்கிறது. 2019 முதல் 2025 வரை ஏழு வருடத்தில் ஏழு சாம்பியன்கள் வந்ததை முழுக்க இதன் கணக்கில் எழுத மாட்டேன், முதல் ஐந்து வருடங்கள் விதிக்கு முந்தியவை.

எனக்கு ஆறாத விஷயம், வெளியிலிருந்து நட்சத்திரங்களைத் திரட்டிய அணிக்கும் பையன்களை டிராஃப்டில் எடுத்து வளர்த்த அணிக்கும் ஒரே தண்டனை என்பது. சொந்தமாக வளர்த்த வீரரின் சம்பளத்தில் ஒரு பகுதியையாவது ஏப்ரன் கணக்கிலிருந்து விலக்க வேண்டும். 2025 சாம்பியன் ஓக்லஹோமா சிட்டி, செட் ஹோம்கிரெனையும் ஜேலன் வில்லியம்ஸையும் 2022 டிராஃப்டில் எடுத்தது. 2026-27இல் இருவரின் பெரிய ஒப்பந்தங்களும் தொடங்குகின்றன. டுராண்டை இழந்த அதே ஊர், இந்த முறை யாரை விடுவது என்று கணக்குப் போட வேண்டியிருக்கும்.

அன்புடன்