கண் டாக்டர் பதில்கள்: பாப்கார்ன் சத்தம் நின்ற இடம்

போன இதழில் குழந்தைகளின் பார்வையிழப்பு பற்றி எழுதும்போது, கார்கிவ் நகரில் மருத்துவம் படித்த காலத்தில் பார்த்த ஓர் உக்ரைன் படத்தைப் பற்றி நாலு வரி சொல்லியிருந்தேன். கண்புரை, சர்க்கரை நோய் என்று வழக்கமாக வரும் கேள்விகளை முந்திக்கொண்டு அந்தப் படத்தைப் பற்றியே கடிதங்கள் வந்திருக்கின்றன. இந்த முறை அவற்றுக்குத்தான் பதில்.

டாக்டர் அம்மா, அந்தப் படத்தைப் பற்றி இன்னும் விவரமாகச் சொல்லுங்கள். அந்த ஊர் ஜனங்கள் அதை எப்படி ஏற்றுக்கொண்டார்கள்? (வாசகி, நாகர்கோவில்)

படத்தின் பெயர் 'பொவோதிர்'. வழிகாட்டி என்று அர்த்தம். பார்வையற்றவரின் கையைப் பிடித்து அழைத்துப்போகும் பையனை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். இயக்கியவர் ஒலெஸ் சானின். கதை 1930-களில் கார்கிவில் தொடங்குகிறது. சோவியத் உக்ரைனுக்கு அப்போது அதுதான் தலைநகரம்; 1934-ல்தான் கீவுக்கு மாற்றினார்கள். வேலைக்காக வந்த ஓர் அமெரிக்க இன்ஜினீயர் கொல்லப்படுகிறார். அவருடைய பத்து வயது மகனைக் கண் தெரியாத ஒரு பாடகர் காப்பாற்றி, தனக்கு வழிகாட்டியாக வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போகிறார். அது 1932-33 பஞ்ச காலம். 'ஹொலொடொமோர்' என்று உக்ரைன்காரர்கள் தணிந்த குரலில் சொல்லும் பஞ்சம். மழை பொய்த்து வந்ததல்ல. விளைந்த தானியத்தை அரசாங்கம் வாரிக்கொண்டு போனதால் லட்சக்கணக்கானவர்கள் செத்தார்கள்.

நான் பார்த்தது 2014 நவம்பரில், படம் வெளியான புதிதில். என்னை அழைத்துப்போனவர் எங்கள் விடுதியின் வாசல் காவலுக்கு இருந்த பாட்டி. அது சாதாரண நேரமில்லை. செப்டம்பர் கடைசியில்தான் சதுக்கத்திலிருந்த பெரிய லெனின் சிலையைக் கயிறு கட்டிச் சாய்த்திருந்தார்கள். நாட்டின் கிழக்கே ரஷ்ய ஆதரவுப் பிரிவினைவாதிகளோடு சண்டை நடந்துகொண்டிருந்தது. காயம்பட்ட சிப்பாய்களை எங்கள் ஊர் மருத்துவமனைகளுக்குக் கொண்டுவந்துகொண்டிருந்தார்கள்.

முன்வரிசையில் கல்லூரிப் பையன்கள் நாலைந்து பேர் பெரிய பெரிய பாப்கார்ன் டப்பாக்களோடு உட்கார்ந்திருந்தார்கள். முதல் அரை மணி நேரம் அவர்கள் கொறிக்கிற சத்தம் எனக்கு எரிச்சலாக இருந்தது. பஞ்சம் திரைக்கு வந்ததும் அந்தச் சத்தம் நின்றுவிட்டது. யாரும் அதட்டவில்லை. ஒரு பையன் டப்பாவை மெதுவாகக் குனிந்து தரையில் வைத்ததைப் பார்த்தேன். கடைசிவரை அவன் அதை எடுக்கவே இல்லை.

படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது பாட்டி எழுந்திருக்கவில்லை. அந்த ஊரில் பெரும்பாலும் ரஷ்ய மொழிதான் பேசுவார்கள். மூன்று வருடமாக என்னிடம் பாட்டி பேசியதும் ரஷ்ய மொழிதான். அன்று டிராம் நிறுத்தத்தில் நின்றபோது திடீரென்று உக்ரைன் மொழியில் பேச ஆரம்பித்தார். எனக்குப் பாதிதான் புரிந்தது, மீதியை மறுநாள் கேட்டுத் தெரிந்துகொண்டேன். பாட்டியின் அம்மாவுக்கு 1933-ல் ஒன்பது வயது. சாகும்வரை தலையணைக்கு அடியில் ஒரு ரொட்டித் துண்டு வைத்துக்கொண்டுதான் தூங்குவாராம். "எங்க கிராமத்துக்கும் ஒரு குருட்டுப் பாட்டுக்காரர் வருவாராம். அந்த வருஷத்துக்கு அப்புறம் வரலைன்னு அம்மா சொல்லுவா. ஏன்னு நான் கேட்டதே இல்ல" என்றார்.

மக்கள் எப்படி ஏற்றுக்கொண்டார்கள் என்று கேட்டீர்கள். நான் பார்த்தவரைக்கும், நன்றாக இருக்கிறதா இல்லையா என்று யாரும் முதலில் பேசவில்லை. அவரவர் வீட்டுக் கதையைத்தான் பேசினார்கள்.

ஊர் ஊராகப் போய்ப் பாடிய அந்தப் பார்வையற்ற பாடகர்களை சோவியத் அரசாங்கம் மாநாடு என்று வரவழைத்துச் சுட்டுக் கொன்றதாகச் சொல்கிறார்களே, அதற்கு ஆதாரம் உண்டா? (ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர், திருநெல்வேலி)

ஐயா, கேட்க வேண்டிய கேள்வி. மாநாட்டுப் படுகொலை என்பது வாய்வழியாக வந்த செய்தி. அப்படி ஓர் உத்தரவோ, பெயர்ப் பட்டியலோ ஆவணக் காப்பகங்களில் கிடைக்கவில்லை. ஆய்வாளர்கள் இன்னமும் அதைப் பற்றி விவாதித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். படம் அதை நடந்ததாகவே காட்டுகிறது.

ஆவணத்தோடு நிற்கிற மரணங்களும் உண்டு. இவான் குச்சேரென்கோ என்ற புகழ்பெற்ற பார்வையற்ற பாடகரை 1937 நவம்பரில் கார்கிவில் சுட்டார்கள். ஹ்னாத் ஹோத்கேவிச் என்ற எழுத்தாளரை 1938 அக்டோபரில் சுட்டார்கள். பார்வையற்ற பாடகர்களை 1902-ல் கார்கிவ் தொல்லியல் மாநாட்டு மேடையில் ஏற்றிப் படித்தவர்கள் முன்னால் பாடவைத்தவர் அவர்தான். இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். பாடிப் பிழைப்பவருக்குக் கிராமம்தான் சோறு போட வேண்டும். கிராமமே பட்டினி கிடந்து செத்த வருடத்தில் அவர் எங்கே போயிருப்பார்? தோட்டா இல்லாமலும் அந்தப் பரம்பரை அழிந்திருக்கும்.

ஒரே இரவில் ஒரே குழி என்று படம் சொல்வதை நான் வரலாறாக எடுத்துக்கொள்ளவில்லை. பாட்டியிடம் அப்படிச் சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. கார்கிவில் ஓபரா அரங்கத்துக்குப் பக்கத்தில் அந்தப் பாடகர்களுக்கு ஒரு நினைவுச்சின்னம் இருக்கிறது. மறுவாரம் பாட்டி அங்கே போய்ப் பூ வைத்துவிட்டு வந்தார்.

எனக்கு ஓவர் மெலோடிராமாவாகத் தெரிந்தது. வில்லன் பழைய படத்து வில்லன் மாதிரியே இருக்கிறார். நீங்கள் ஏன் இவ்வளவு புகழ்கிறீர்கள்? (மாணவர், கோவை)

வில்லன் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி, தம்பி. இன்ஜினீயர் காதலிக்கிற நடிகையையே வில்லனாக வரும் அதிகாரியும் விரும்புவது, ரகசியக் காகிதம், துரத்தல் எல்லாம் கதையைச் சின்னதாக்கிவிடுகின்றன. பஞ்சமே ஒரு கதைக்குப் போதும். அதன்மேல் இத்தனையையும் ஏற்றியிருக்க வேண்டாம். எங்கள் வகுப்பு உக்ரைன் மாணவர்களே இதைச் சொல்லிச் சண்டை போட்டார்கள்.

இதைவிடப் பெரிய சண்டை ஆஸ்கர் போட்டிக்கு அனுப்பியபோது வந்தது. அதே 2014-ல் மிரொஸ்லாவ் ஸ்லபோஷ்பித்ஸ்கி எடுத்த 'பிளெம்யா' கான் விழாவின் விமர்சகர் வாரப் பிரிவில் பரிசு வாங்கியிருந்தது. காது கேளாத மாணவர்களின் கதை, முழுக்கச் சைகை மொழி, சப்டைட்டிலும் கிடையாது. அதை விட்டுவிட்டு 'பொவோதி'ரை அனுப்பினார்கள். என் கையில் முடிவு இருந்திருந்தால் நானும் 'பிளெம்யா'வைத்தான் அனுப்பியிருப்பேன். ஆனால் பாட்டியை உக்ரைன் மொழியில் பேசவைத்தது 'பொவோதிர்'தான். அதனால்தான் அதை விட்டுக்கொடுக்க மாட்டேன் என்கிறேன்.

அந்தப் பாடகர்கள் எல்லாருமே எப்படிப் பார்வையற்றவர்களாக இருந்தார்கள்? (வாசகர், தஞ்சாவூர்)

அம்மை போன்ற நோய்கள் குழந்தைகளின் கண்ணைப் பறித்த காலம் அது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரிய பாடகர் ஒஸ்தாப் வெரெசாய் நாலு வயதில் பார்வையை இழந்தவர். வயல்வேலைக்குப் போக முடியாத பையனை ஒரு குருவிடம் விடுவார்கள். சில வருடம் கூடவே இருந்து பண்டூரா என்ற தந்தி வாத்தியமோ, கைப்பிடி சுற்றி வாசிக்கும் லீராவோ கற்றுக்கொள்வான். அவர்களுக்கென்று சங்கம் இருந்தது. வெளியாருக்குப் புரியாத குழூஉக்குறிப் பேச்சும் இருந்தது. பக்திப் பாட்டும் கொசாக் வீரர்களின் கதைப்பாட்டும் பாடுவார்கள்.

இந்தப் படத்தில் பாடகர் கூட்டமாக வருபவர்களில் பலர் உண்மையிலேயே பார்வையற்றவர்கள். கண் டாக்டராகச் சொல்கிறேன், அதை நடித்துக் காட்டுவது கஷ்டம். பேசுகிறவர் பக்கம் முகத்தைத் திருப்பாமல் காதைத் திருப்புவார்கள். தாடை லேசாக மேலே தூக்கியிருக்கும். முதன்மைப் பாடகராக வரும் ஸ்தனிஸ்லாவ் போக்லானுக்குப் பார்வை உண்டு, ஆனால் அந்தத் தாடையை அவர் அப்படியே பிடித்துவிட்டார். ஒடெஸா திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் பரிசு கொடுத்தார்கள்.

என் மகளுக்கு 14 வயது, பிறவியிலேயே பார்வை இல்லை. தியேட்டரில் நான் அவள் காதில் சொல்லிக்கொண்டே இருந்தால் பக்கத்து சீட்டுக்காரர்கள் முறைக்கிறார்கள். இந்தப் படத்தை அவளுக்கு எப்படிக் காட்டுவது? (வாசகி, கரூர்)

அம்மா, நீங்கள் காதில் சொல்வதைத்தான் உக்ரைனில் முறையாகச் செய்தார்கள். பார்வையற்றவர்களுக்காக இந்தப் படத்துக்குத் தனி விளக்கக் குரல் சேர்த்தார்கள். வசனம் இல்லாத இடைவெளியில், யார் வருகிறார், என்ன செய்கிறார் என்று அந்தக் குரல் சொல்லும். நம் நாட்டிலும் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் 2024 மார்ச்சில் தியேட்டர் படங்களுக்கு இந்த வசதி வேண்டும் என்று வழிகாட்டு நெறிமுறை வெளியிட்டிருக்கிறது. அடுத்த முறை டிக்கெட் எடுக்கும்போது விளக்கக் குரல் உண்டா என்று கேளுங்கள். இல்லை என்று சொன்னாலும், ஒவ்வொரு முறையும் கேளுங்கள்.

இந்தப் படத்தை வீட்டில் வைத்துப் பாருங்கள். முதலில் நீங்கள் மட்டும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பஞ்சக் காட்சிகளை எவ்வளவு சொல்லலாம் என்று உங்களுக்குத்தான் தெரியும். அப்புறம் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, நிறுத்தி நிறுத்திச் சொல்லுங்கள். பண்டூரா ஒலிக்கிற இடங்களில் மட்டும் ஒன்றும் சொல்ல வேண்டாம். அதை அவளே கேட்டுக்கொள்ளட்டும்.