பக்கத்து ஊர் சைரனும் நம் வீட்டு பேஸ்மென்ட்டும்

வாசகர் கேள்வி – பதில்

(அமெரிக்காவில் பதின்ம வயதுப் பிள்ளைகளை வளர்க்கும் வாசகர்கள் போதைப் பழக்கம் பற்றியும் சட்டம் பற்றியும் அனுப்பிய கேள்விகளில் சில.)

ஜெர்சி சிட்டியில் வாடகைக்கு இருக்கிறோம். பெண்ணுக்குப் பதின்மூன்று வயது. தெருவில் இறங்கினால் கஞ்சா வாடை, ராத்திரி முழுக்க சைரன். புறநகரான வெஸ்ட் வின்ட்ஸர் பக்கம் வீடு பார்க்கிறோம். அங்கே இந்தத் தொல்லை இருக்காதுதானே? – ஜெர்சி சிட்டி வாசகி

பள்ளிக்காகப் போங்கள், வெண்டைக்காய் போட இடம் வேண்டும் என்று போங்கள். போதைக்குப் பயந்து போனால் ஏமாந்துபோவீர்கள்.

டெல்லியில் படித்து, யேல் பல்கலையில் டாக்டர் பட்டம் வாங்கியவர் உளவியலாளர் சுனியா லூதர் (2023இல் மறைந்தார்). நகரத்து ஏழைப் பிள்ளைகளை ஆராய்ந்துகொண்டிருந்தவர், ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு கூட்டம் வேண்டுமே என்றுதான் வடகிழக்கு அமெரிக்காவின் வசதியான புறநகர்ப் பள்ளி ஒன்றுக்குப் போனார். 1999இல் வெளியான முடிவு தலைகீழாக இருந்தது. சிகரெட், மது, கஞ்சா, மற்ற போதைகள் என எதை எடுத்தாலும் புறநகர்ப் பத்தாம் வகுப்புதான் முன்னால் நின்றது. மனச்சோர்வு அறிகுறிகள் சிகிச்சை தேவைப்படும் அளவில் இருந்த பெண் பிள்ளைகள் 22 சதவீதம். நாடு முழுக்க எதிர்பார்க்கும் அளவோ 7தான். புறநகரில் போதை பெரும்பாலும் பதற்றத்தோடும் சோர்வோடும் கைகோத்து வந்தது. பையன்களிடம் இன்னொன்றும் தெரிந்தது: போதை எடுப்பவனுக்கு வகுப்பில் மவுசு கூடுகிறது.

‘வயசுக் கோளாறு, காலேஜ் போனால் சரியாகிவிடும்’ என்று தள்ளிவிடவும் முடியாது. அவரும் சகாக்களும் புறநகர்ப் பிள்ளைகளைப் பெரியவர்களாகும்வரை தொடர்ந்து பார்த்து 2017இல் எழுதினார்கள். 26 வயதுக்குள் ஒரு தடவையாவது மதுவுக்கோ போதைக்கோ அடிமை என்று மருத்துவ அளவுகோலில் வந்தவர்கள் ஆண்களில் 23 முதல் 40 சதவீதம், பெண்களில் 19 முதல் 24.

நீங்கள் வீடு பார்க்கும் இடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். வெஸ்ட் வின்ட்ஸர்–பிளெய்ன்ஸ்பரோ பள்ளி மாவட்டத்தின் கண்காணிப்பாளர் 2015இல் பெற்றோருக்கு 16 பக்கக் கடிதம் எழுதினார். முந்தைய ஒரே கல்வியாண்டில் 120 மாணவர்களுக்கு மனநலப் பரிசோதனை பரிந்துரைக்கப்பட்டது, 40 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள் என்பது அதன் சாரம். அதன்பின் பள்ளியில் இடைத்தேர்வையும் இறுதித்தேர்வையும் எடுத்தபோது ஆசியப் பெற்றோரில் பலர், ‘படிப்பு நீர்த்துப்போகிறது’ என்று கொடி பிடித்தார்கள். அந்தக் கூட்டத்தில் நம்மவர்களும் உண்டு.

வீடு பார்க்கப் போகும்போது பள்ளிக்கும் ஒரு போன் போடுங்கள். ஸ்டூடன்ட் அசிஸ்டன்ஸ் கவுன்சலர் (போதை, மனநலச் சிக்கலில் பிள்ளைகளுக்கு உதவும் பள்ளி ஆலோசகர்) முழுநேரம் இருக்கிறாரா, வேப்போடு (மின்சிகரெட்) பிடிபட்ட பிள்ளையை வெறுமனே சஸ்பெண்ட் செய்கிறார்களா, கவுன்சலிங்குக்கும் அனுப்புகிறார்களா என்று கேளுங்கள். எஸ்ஏடி (கல்லூரி நுழைவுத் தேர்வு) சராசரியைவிட இந்தப் பதில்கள் உங்களுக்கு உபயோகம்.

எங்கள் டவுன்ஷிப்பின் போலீஸ் குறிப்புகளில் போதை வழக்கைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ரயிலில் சில நிறுத்தம் தள்ளி டிரென்டனில் தினம் கைது. அப்படியிருக்க இரண்டும் ஒன்று என்று எப்படிச் சொல்கிறார்கள்? – பிளெய்ன்ஸ்பரோ வாசகர்

கைதுக் கணக்கில் தெரிவது போலீஸ் எங்கே நிற்கிறது என்பது. பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்பது அதில் பாதிதான் வரும். நகரத்தில் கைமாற்று தெருமுனையில் நடக்கிறது, ரோந்து வண்டிக்குக் கண்ணில் படுகிறது. புறநகரில் ஸ்னாப்சாட்டில் சொல்லி, கார் டிரைவ்வேயில் வந்து நின்று, பேஸ்மென்ட்டில் முடிகிறது. அங்கே நுழையப் பொதுவாக போலீசுக்கு நீதிமன்ற வாரன்ட் வேண்டும்.

சட்டமே இதற்குத் துணைபோன கதையும் இந்த மாநிலத்தில் உண்டு. பள்ளியிலிருந்து 1,000 அடிக்குள் போதை விற்றால் கட்டாயச் சிறை என்று 1987இல் நியூ ஜெர்சி ஒரு சட்டம் கொண்டுவந்தது. நெருக்கமான ஊரில் பள்ளிக்குப் பள்ளி வட்டம் போட்டால் என்ன மிஞ்சும்? விமான நிலையத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தால் நியூவார்க் நகரத்தில் 76 சதவீதம் வட்டத்துக்குள் வந்துவிட்டது. கிராமப்புற மான்ஸ்ஃபீல்டில் வெறும் 6. மாநிலத்தின் தண்டனைச் சட்ட மறுஆய்வுக் குழு 2005இல் கணக்கெடுத்தபோது, இந்தச் சட்டத்தில் சிறைக்குப் போனவர்களில் 96 சதவீதம் பேர் கறுப்பினத்தவரும் லத்தீனியரும். நீதிபதிகள் விலக்கு அளிக்கலாம் என்று திருத்தம் வர 2010 ஆயிற்று.

குற்றம் என்று பார்த்தாலும் லூதரின் 2005ஆம் ஆண்டு ஆய்வில் இரு பக்கப் பிள்ளைகளும் ஏறக்குறைய ஒரே அளவுதான், வகைதான் வேறு. நகரத்துப் பிள்ளை தற்காப்புக்குக் கத்தி வைத்துக்கொள்கிறான். புறநகர்ப் பிள்ளை அப்பா பர்சிலும் நண்பன் பையிலும் கை வைக்கிறான். அப்பா போலீசில் புகார் கொடுப்பாரா? கொடுக்க மாட்டார். டவுன்ஷிப் சுத்தமாகத் தெரிகிறது.

பத்தாவது படிக்கும் மகனின் பையில் ஒரு வேப்பும், பிளாஸ்டிக் கவரில் இரண்டு நீல மாத்திரைகளும் இருந்தன. ‘ஃப்ரெண்டோடது’ என்கிறான். கை கால் ஓடவில்லை. – எடிசன் வாசகி

வேப்பை ஓரமாக வையுங்கள், முதல் கவலை மாத்திரை. உருண்டை, வெளிர் நீலம், ஒரு பக்கம் சதுரத்துக்குள் ‘எம்’, மறுபக்கம் கோட்டுக்கு மேல் ‘30’ என்றிருந்தால் அது ஆக்சிகோடோன் என்ற கடும் வலி மருந்தின் 30 மில்லிகிராம் மாத்திரையின் அச்சு. மருந்துக்கடைக் குப்பியில் இல்லாமல் கவரில் வந்தால் போலி என்றே வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருப்பது அதைவிடப் பல மடங்கு வீரியமான ஃபென்டனிலாக இருக்கலாம். இரண்டு மில்லிகிராமே உயிரைக் குடிக்கக்கூடும். மேசை உப்பில் சில பரல்கள், அவ்வளவுதான். மத்திய போதைத் தடுப்பு முகமையான டிஇஏ 2023இல் பரிசோதித்த ஃபென்டனில் கலந்த போலி மாத்திரைகளில் பத்துக்கு ஏழில் அந்த அளவு இருந்தது. சானாக்ஸ் (பதற்றத்துக்கான மாத்திரை), ஆடரால் (கவனக்குறைவுக்கான மாத்திரை) பெயரிலும் போலிகள் வருகின்றன. பரீட்சைக்கு முந்தின இரவு கண்விழிக்க ஒரே ஒரு ஆடரால் வாங்கியவனும் இதில் மாட்டுவான்.

2019 பிற்பாதிக்கும் 2021 பிற்பாதிக்கும் இடையில் 10–19 வயதினரின் மாதாந்தரப் போதை அளவுமீறல் மரணங்கள் இரு மடங்கைத் தாண்டின. எடுக்கும் பிள்ளைகள் கூடவில்லை, மாத்திரை மாறியிருந்தது. இறந்தவர்களில் 60 சதவீதம் பேர் சொந்த வீட்டில் இறந்தார்கள். மூன்றில் இரண்டு சம்பவங்களில் பக்கத்திலேயே யாரோ இருந்தார்கள்; பெரும்பாலும் ஒன்றும் செய்யவில்லை, தூங்குகிறான் என்று நினைத்திருப்பார்கள்.

ஆகையால், ஃபென்டனில் போன்றவற்றால் அடங்கும் மூச்சைத் திருப்பும் மருந்தான நலோக்சோனை இன்றைக்கே வாங்குங்கள். 4 மில்லிகிராம் மூக்கு ஸ்பிரே 2023 முதல் மருத்துவர் சீட்டில்லாமல் கிடைக்கிறது. நியூ ஜெர்சியில் நலோக்சோன்365 திட்டத்தில் சேர்ந்த மருந்துக்கடைகளில் 14 வயது நிரம்பிய யார் போனாலும் பெயர் சொல்லாமலே இலவசம். கார் டாஷ்போர்டில் வைக்காதீர்கள், வெயிலில் கெட்டுவிடும். மாடியில் ஒன்று, பேஸ்மென்ட்டில் ஒன்று.

தட்டி எழுப்பியும் எழவில்லை, மூச்சு மெதுவாக விட்டு விட்டு வருகிறது, தொண்டையில் களகளவென்று குறட்டை மாதிரி சத்தம், கண்மணி குண்டூசித் தலையாகச் சுருங்கியிருக்கிறது என்றால் அதுதான் அளவுமீறல். ‘உதடு நீலமாகும்’ என்று துண்டறிக்கையில் போட்டிருப்பார்கள். நம் நிறத்தில் அது சாம்பல் பூத்த மாதிரிதான் தெரியும், உதட்டின் உட்புறத்தையும் நகக்கண்ணையும் பாருங்கள். 911ஐ அழைத்துவிட்டு ஒரு மூக்குத்துளையில் முனையை முழுதாக நுழைத்து ஒரே அழுத்து. சோதித்துப் பார்க்கிறேன் என்று காற்றில் அடித்துவிடாதீர்கள், ஒரு குப்பியில் ஒரு தடவைக்குத்தான் மருந்து. வாயோடு வாய் வைத்து மூச்சுக் கொடுக்கத் தெரிந்தால் கொடுங்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் அசைவில்லை என்றால் அடுத்த குப்பி, மறு துளையில். எழுந்து உட்கார்ந்து ‘ஒண்ணுமில்லம்மா’ என்றாலும் ஆம்புலன்ஸைத் திருப்பி அனுப்பக் கூடாது. நலோக்சோன் 30 முதல் 90 நிமிடத்தில் இறங்கிவிடும். ஃபென்டனில் அதற்குப் பிறகும் உடம்பில் இருந்தால் மூச்சு மறுபடி அடங்கும். வேறு போதைக்கு இதை அடித்தாலும் கெடுதல் இல்லை. உதவிக்கு அழைத்தவர் மேல், போதைப்பொருள் வைத்திருந்ததற்காக வழக்குப் போடாமல் காக்கும் சட்டம் நியூ ஜெர்சியில் 2013 முதல் இருக்கிறது. இதைப் பையனுக்கும் சொல்லிவையுங்கள். பயந்து ஓடிப்போவது அவன் நண்பர்களாகத்தான் இருப்பார்கள்.

பேச்சை அன்று ராத்திரியே தொடங்காதீர்கள். மறுநாள், காரில், கண்ணுக்குக் கண் பார்க்காமல் பேசினால் வாய் திறப்பான். ‘யார் கொடுத்தது’ என்பதைவிட ‘எப்போ எடுக்கணும்னு தோணுது’ என்பது நல்ல கேள்வி. பிறகு குழந்தைகள் நல மருத்துவரிடம் ‘கிராஃப்ட்’ கேள்விகள் கேட்கச் சொல்லுங்கள். 12 முதல் 21 வயதுவரைக்கான ஆறு கேள்விகள். முதலாவதே, போதையில் இருந்தவர் ஓட்டிய காரில் ஏறியிருக்கிறாயா, அல்லது நீயே ஓட்டினாயா என்பது. அப்போது நீங்கள் அறையில் இருக்காதீர்கள், இருந்தால் ஆறுக்கும் ‘நோ’தான் வரும்.

தண்டனை வேண்டுமா என்று கேட்டிருந்தால் வேண்டும் என்றுதான் சொல்வோம். வீட்டில் இதற்குக் கடுமையான விளைவு இருக்கும் என்று பள்ளி வயதில் நம்பிய பிள்ளைகள் பின்னாளில் குறைவாகவே போதை எடுத்ததை லூதர் குழு கண்டது. பள்ளி கொடுத்த சஸ்பென்ஷனை வக்கீல் வைத்து உடைக்காதீர்கள். கார் சாவியை எத்தனை வாரத்துக்கு எடுக்கிறீர்கள் என்று தேதியோடு சொல்லுங்கள். அதோடு, எந்நேரமும் போன் செய்தால் கூப்பிட வருவோம், அன்று கேள்வி கேட்க மாட்டோம் என்ற வாக்கும் சேர்ந்தே இருக்கட்டும்.

கடையில் விற்கும் சிறுநீர்ப் பரிசோதனை கிட் வாங்கி வாரம் ஒரு தடவை சோதிக்கலாமா? – ஃப்ரீமான்ட் வாசகர்

வேண்டாம். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் இதைப் பரிந்துரைப்பதில்லை. கிட்டில் ‘ஓபியேட்’ கட்டம் மார்ஃபினையும் கோடீனையும் பார்ப்பது, ஃபென்டனிலைத் தவறவிடும். தினம் கஞ்சா புகைத்தவன் நிறுத்தி ஒரு மாதம் ஆன பின்னும் பாசிட்டிவ் வரலாம். நேற்று ராத்திரி குடித்தவன் நெகட்டிவ் ஆவான். நீங்கள் திருடன்–போலீஸ் ஆடுவதுதான் மிச்சம். மாத்திரையில் ஃபென்டனில் இருக்கிறதா என்று பார்க்கும் ஸ்ட்ரிப்பும் அப்படித்தான். மாத்திரையின் ஒரு துணுக்கைக் கரைத்துப் பார்த்து இல்லை என்று வந்தால், அந்தத் துணுக்கில் இல்லை என்றுதான் பொருள். கேசரியில் முந்திரி மாதிரி ஃபென்டனில் ஒரு பக்கமாகவே ஒதுங்கியிருக்கும்.

நாங்கள் எச்-1பி (வேலை விசா), மகள் எச்-4 (குடும்பத்தினர் விசா). ‘இந்த மாநிலத்தில் கஞ்சா லீகல்தானே’ என்று வாதாடுகிறாள். – சோமர்செட் வாசகர்

நியூ ஜெர்சியில் 21 வயது நிரம்பியவர்களுக்குத்தான். அதற்குக் கீழே என்றால் 2021 சட்டப்படி போலீஸ் எழுத்து எச்சரிக்கை கொடுக்கும். 18க்குக் கீழ் என்றால் பெற்றோருக்கும் தகவல் வரும். அவளுக்கு முக்கியம் வேறு. குடியேற்றம் மத்திய அரசின் கையில், அங்கே கஞ்சா இன்னும் குற்றம். குடியுரிமை இல்லாதவர் போதை வழக்கில் தண்டனை பெற்றால் நாடுகடத்தலாம். சொந்த உபயோகத்துக்கு 30 கிராமுக்குள் கஞ்சா வைத்திருந்த ஒரே ஒரு தடவைக்கு மட்டும் விலக்கு, அதுவும் நாடுகடத்தலுக்குத்தான். வெளிநாடு போய்த் திரும்ப நுழையும்போது அதே வழக்கு குறுக்கே நிற்கலாம். சிறார் நீதிமன்றத் தீர்ப்பைப் பொதுவாகக் ‘கன்விக்‌ஷன்’ (குற்றத் தண்டனை) என்று எடுப்பதில்லை. ஆனால் விற்றாள் என்று நம்பக் காரணம் இருந்தால் தண்டனையே இல்லாமலும் சிக்கல் வரும். தோழிக்கு ஒன்று கொடுத்ததும் கைமாற்றாக எடுத்துக்கொள்ளப்படலாம்.

சிறிய வழக்கு, ஒப்புக்கொண்டால் அபராதத்தோடு போய்விடும் என்று உள்ளூர் வக்கீல் சொல்வார். குடியேற்ற வக்கீலிடம் காட்டாமல் கையெழுத்துப் போடாதீர்கள். கோடை விடுமுறைக்குச் சென்னை போகும்போது அவள் பையில் கஞ்சா கலந்த ‘கம்மி’ (மெல்லும் ஜெல்லி) மிட்டாய் இருக்கிறதா என்றும் பாருங்கள். அங்கே அது போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் மாட்டும்.

வீட்டிலேயே கவனிக்க வேண்டியது ஏதாவது உண்டா? – டாலஸ் வாசகி

ஞானப்பல் எடுத்தபோது கொடுத்த வலி மாத்திரை மீதி, ஆறு மாதம் தங்க வந்த தாத்தா பாட்டியின் பெட்டி, இந்த இரண்டையும். ஊரிலிருந்து வரும் பெட்டியில் தூக்கத்துக்கு அல்பிரசோலம், மூட்டு வலிக்கு டிரமடால் இருப்பது சகஜம். அல்பிரசோலம்தான் இங்கே சானாக்ஸ் என்று பிள்ளைகளுக்குத் தெரியும், பாட்டிக்குத் தெரியாது. எண்ணி எழுதிவைத்து, நம்பர் பூட்டுப் பெட்டியில் போடுங்கள், ஞாயிறுதோறும் எண்ணுங்கள்.

மீதியை ஏப்ரலிலும் அக்டோபரிலும் நடக்கும் ‘டேக் பேக்’ (மீதி மருந்தைத் திருப்பி வாங்கும்) நாளில் கொடுக்கலாம். பல மருந்துக்கடைகளிலும் காவல் நிலையங்களிலும் ஆண்டு முழுக்கப் பெட்டி உண்டு. எதுவும் பக்கத்தில் இல்லை என்றால் ஆக்சிகோடோன் போன்றவற்றை டாய்லெட்டில் கொட்டச் சொல்கிறது மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு முகமையான எஃப்டிஏ. அல்பிரசோலத்தை அப்படிச் செய்யாமல், பில்டரில் இறங்கிய காபிச் சக்கையோடு பிசைந்து, ஜிப் கவரில் மூடிக் குப்பையில் போடுங்கள். குப்பியில் ஒட்டியிருக்கும் பெயரையும் மருந்துச்சீட்டு எண்ணையும் சுரண்டிவிட்டுப் போடுங்கள்.