உலகம் முழுக்கக் கொடையாளர்கள் இருந்தும் ரத்த ஸ்டெம் செல் ஏன் எளிதில் கிடைப்பதில்லை?

எலும்பு மஜ்ஜையில் இருந்துகொண்டு ரத்தத்தை உண்டாக்கும் தாய்ச் செல்களே ரத்த ஸ்டெம் செல்கள். ரத்தப் புற்றுநோய், தலசீமியா (பரம்பரையாக வரும் ரத்தக் குறைபாடு) போன்ற நோய்களில் பழுதான செல்களை மருந்தால் அழித்துவிட்டு, இன்னொருவரின் நல்ல செல்களை ரத்தம் ஏற்றுவது போலவே ஏற்றுவார்கள்.

சிக்கல் பொருத்தத்தில்தான். செல்களின் மேல் எச்.எல்.ஏ. என்ற அடையாளக் குறிகள் உண்டு. பாதி அம்மாவிடமிருந்தும் பாதி அப்பாவிடமிருந்தும் வருவதால், கூடப்பிறந்த ஒருவர் முழுமையாகப் பொருந்த 25 சதவீத வாய்ப்பே உண்டு.

சென்னை பழைய வண்ணாரப்பேட்டையின் துணிக்கடைத் தெருவான எம்.சி. ரோட்டில் முந்தானையைக் கையில் பிடித்துக்கொண்டு ரவிக்கைத் துணி தேடியவர்களுக்கு மீதி எளிதில் புரியும். கடை விளக்கில் ஒன்றாகத் தெரிந்த மாம்பழ மஞ்சள், வாசல் வெயிலில் வேறு மஞ்சள். அடுக்கடுக்காகத் துணி இருக்கிறது, நம் நிறம் மட்டும் இல்லை. (என் அம்மா நான்கு கடை ஏறி இறங்குவார்.)

உலகப் பதிவேடுகளில் 4 கோடிக்கும் மேற்பட்ட கொடையாளர்கள் இருந்தாலும், ஐரோப்பிய வம்சாவளியினரே அதிகம். குறிகளோ முன்னோர் வழி வருபவை. ராயபுரத்துக் குழந்தைக்குப் பொருத்தமானவர் ஜெர்மனியைவிட இங்கே இருக்கவே வாய்ப்பு அதிகம். ஆனால் அவர் பெயரைப் பதிந்திருக்க வேண்டுமே! சென்னையிலேயே 2009 முதல் தாத்ரி பதிவேடு இயங்குகிறது. பொருத்தம் கிடைத்தாலும் செலவு பல லட்சம் என்பது தனிக் கொடுமை.

கொடுப்பவரின் முதுகுத்தண்டில் துளையிடுவார்கள் என்பது தவறு: பெரும்பாலும் சில நாள் ஊசி போட்டபின் கை ரத்தத்திலிருந்தே செல்களைப் பிரித்தெடுக்கிறார்கள், மஜ்ஜையாக எடுத்தாலும் மயக்க மருந்து கொடுத்து இடுப்பெலும்பிலிருந்துதான்.