கிரனாடாவில் ஒரு செமஸ்டர் – கடிதம்

வணக்கம் சார்,

உங்கள் தளத்தைப் பல வருடமாக வாசிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை. நாங்கள் டெக்சஸில் இருக்கிறோம். நான் எம்.எஸ். படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்டவன். மகள் இங்கே பிறந்தவள். அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றில் உயிரியல் இரண்டாம் ஆண்டு. அப்புறம் மருத்துவம் படிக்க வேண்டும் என்பது அவளுடைய ஆசைதான், நாங்கள் திணித்தது இல்லை. இப்போது திடீரென்று, மூன்றாம் ஆண்டில் ஒரு செமஸ்டர் ஸ்பெயினில் கிரனாடாவுக்குப் போய்ப் படிக்கிறேன் என்கிறாள். அங்கே என்ன படிப்பாய் என்று கேட்டால் ஸ்பானிஷ், வரலாறு, கட்டடக்கலை என்கிறாள். யாரோ ஒரு அம்மா வீட்டில் தங்குவாளாம். மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வான எம்கேட் பக்கத்தில் இருக்கும்போது இது தேவையா? படிப்பு என்ற பெயரில் ஊர் சுற்ற அமெரிக்கக் கல்லூரிகள் கண்டுபிடித்திருக்கும் புது ஃபேஷன் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பெண் பிள்ளை வேறு. மனைவி "போகட்டுமே" என்கிறாள், எனக்கு வயிற்றில் புளியைக் கரைக்கிறது. பல்கலைக்கழகத்தில் மாணவர்களை வெளிநாட்டுக்கு அனுப்பும் அலுவலகத்தில்தான் வேலை பார்க்கிறேன் என்று ஒருமுறை எழுதியிருந்தீர்கள், அதனால்தான் கேட்கிறேன். அனுப்புவதாக இருந்தால், தேங்க்ஸ்கிவிங் விடுமுறையில் நாங்கள் போய்ப் பார்த்துவிட்டு வரலாமா?

கே.

அன்புள்ள கே.,

அனுப்புங்கள். ஆனால் எந்தத் திட்டத்தில் போகிறாள், எந்த செமஸ்டரில் போகிறாள் என்று நன்றாக விசாரித்துவிட்டு அனுப்புங்கள். நீங்கள் பயப்படுகிற அந்த ஊர் சுற்றல் நிஜமாகவே நடக்கிற விஷயம்தான். அதற்கும் ஸ்பெயினுக்கும் சம்பந்தம் இல்லை, திட்டத்துக்குத்தான் சம்பந்தம்.

முதலில் இந்தப் 'புது ஃபேஷன்' விவகாரம். இதற்கு நூறு வயது தாண்டிவிட்டது. டெலவேர் பல்கலைக்கழகத்தில் ரேமண்ட் கிர்க்பிரைட் என்று ஒரு பேராசிரியர் இருந்தார், முதல் உலகப்போரில் பணியாற்றித் திரும்பியவர். மூன்றாம் ஆண்டு மாணவர்கள் அந்த ஒரு வருடத்தைப் பிரான்சில் படிக்கட்டும், அதை இங்கே பட்டப்படிப்பில் சேர்த்துக்கொள்வோம் என்று அவர் சொன்ன யோசனையில்தான் இது தொடங்கியது. 1923 ஜூலையில் எட்டு மாணவர்கள் ரோஷாம்போ என்ற கப்பலில் ஏறினார்கள். முதலில் நான்சி நகரத்தில் மொழிப்பயிற்சி, அப்புறம் பாரிஸில் சோர்போன் பல்கலைக்கழகம். 1925-இல் ஸ்மித் கல்லூரி, அது பெண்கள் கல்லூரி, தன் மாணவிகளைப் பாரிஸுக்கு அனுப்பியது. ஆகவே அந்தப் 'பெண் பிள்ளை வேறு' என்பதற்கும் அப்போதே பதில் வந்துவிட்டது. இன்றைக்கு இங்கிருந்து போகிறவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பெண்கள்.

மாறிப்போனது என்னவென்றால், அந்த எட்டுப் பேர் போனது ஒரு முழு வருடத்துக்கு. கொரோனாவுக்கு முன்னால் 2018-19-இல் அமெரிக்கக் கல்லூரிகளிலிருந்து சுமார் 3 லட்சத்து 47 ஆயிரம் மாணவர்கள் வெளிநாட்டில் படித்தார்கள். நடுவில் எண்ணிக்கை அப்படியே சரிந்து, 2022-23-இல் மறுபடி 2 லட்சத்து 80 ஆயிரத்துக்கு வந்தது. இதில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் கோடையிலோ சில வாரங்களுக்கோ போய்வருகிறவர்கள். ஒரு செமஸ்டர் முழுக்கப் போகிறேன் என்று உங்கள் மகள் சொல்வதே கொஞ்சம் பழைய பாணி. எனக்கு அது பிடித்திருக்கிறது.

இப்போது ஊர் சுற்றலுக்கு வருகிறேன். ஐரோப்பாவில் ஏதாவது ஒரு நகரத்தில் ஒரு கட்டடத்தின் இரண்டு மாடியை வாடகைக்கு எடுத்து, அமெரிக்கப் பாடத்திட்டத்தை ஆங்கிலத்திலேயே நடத்தி, ஆறு அமெரிக்க மாணவர்களை ஒரே ஃபிளாட்டில் தங்கவைக்கிற திட்டங்கள் நிறைய. வெள்ளிக்கிழமை வகுப்பே வைக்க மாட்டார்கள். அது தற்செயல் என்று நினைக்காதீர்கள், மாணவர்கள் கேட்கிறார்கள், அதனால் வைப்பதில்லை. வியாழன் சாயங்காலம் முதுகுப்பையைத் தூக்கிக்கொண்டு மலிவு விமானத்தில் ஏறினால் ஒரு வாரம் பிராக், மறுவாரம் ரோம், அதற்கடுத்த வாரம் ஆம்ஸ்டர்டாம். திரும்பி வந்தவர்களிடம் தங்கியிருந்த ஊரில் யாரைத் தெரியும் என்று கேட்டால், கீழே இருந்த காபிக்கடைக்காரரைச் சொல்வார்கள், அதுவும் பெயர் தெரியாது. இது பாவம் என்றெல்லாம் நான் சொல்லவில்லை, இருபது வயதில் பிராக் பார்ப்பது நல்ல விஷயம்தான். ஆனால் அதற்குப் பதினைந்தாயிரம் டாலருக்கு மேல் கட்டி, பட்டத்துக்கான பாடக்கணக்கில் சேரும் கிரெடிட் வாங்கி, படிப்பு என்று பெயர் வைக்க வேண்டியதில்லை. அந்த இடத்தில் நான் உங்கள் கட்சி.

அதனால் மகளிடம் மூன்று விஷயம் கேளுங்கள். வகுப்பு எந்த மொழியில், கூடத் தங்குவது யார், வெள்ளிக்கிழமை என்ன செய்வாய். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் முதல் இரண்டுக்கும் அவளிடம் நல்ல பதில் இருக்கிறது போலத்தான் தெரிகிறது. 'யாரோ ஒரு அம்மா வீடு' என்று நீங்கள் பயந்து எழுதியிருக்கிறீர்களே, அதுதான் இந்தத் திட்டத்திலேயே உருப்படியான பகுதி.

கிரனாடாவுக்கு நான் போயிருக்கிறேன், அலுவலக வேலையாக, மாணவர்கள் தங்குகிற வீடுகளைப் பார்ப்பதற்காக. நவம்பர் கடைசி. தெற்கு ஸ்பெயின் என்றதும் வெயில் ஊர் என்று நினைத்துக்கொண்டு மெல்லிய ஸ்வெட்டரோடு வந்திறங்குகிற டெக்சஸ் பிள்ளைகளை அங்கே பார்க்க வேண்டும். பின்னால் சியரா நெவாடா மலையில் பனி, வீட்டுக்குள் டைல்ஸ் தரை, வெளியே இருப்பதைவிட உள்ளே அதிகமாகக் குளிர்கிறது. பழைய வீடுகளில் சாப்பாட்டு அறையில் ஒரு வட்ட மேசை, அதன்மேல் தரையைத் தொடுகிற மாதிரி கனமான துணி, மேசைக்கு அடியில் ஒரு சின்ன ஹீட்டர். அந்தக் காலத்தில் கரித்தணல் வைத்த தட்டு இருந்த இடம், இப்போது கரண்ட். எல்லோரும் துணியை மடிமேல் இழுத்துவிட்டுக்கொண்டு காலை உள்ளே நீட்டி உட்கார்ந்திருப்பார்கள். முதுகு விறைக்கும், கால் வேகும். அந்த மேசையை விட்டு எழுந்து தன் அறைக்குப் போக யாருக்கும் மனசு வராது. அதனால் தங்க வந்த மாணவி அங்கேயே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுகிறாள், பக்கத்தில் வீட்டம்மா டி.வி. பார்த்தபடி நடுநடுவே இவளிடம் எதையாவது சொல்லிக்கொண்டே இருக்கிறார், இவள் பாதி புரிந்து பதில் சொல்கிறாள். ஒரு வகுப்பறையும் இதைத் தர முடியாது. அந்தப் பக்கத்து ஆட்கள் வார்த்தைக் கடைசியில் வரும் 'ஸ்' சத்தத்தை முழுங்கிவிடுவார்கள், டெக்சஸ் பள்ளியில் நான்கு வருடம் ஸ்பானிஷ் படித்த பெண்ணுக்கும் முதல் மாதம் ஒன்றும் பிடிபடாது. அப்புறம் பிடிபட ஆரம்பிக்கும்.

வீட்டு விதிகளும் உண்டு. நிறைய வீடுகளில் வெந்நீர் கேஸ் சிலிண்டரில்தான், ஆரஞ்சு நிற சிலிண்டர், பன்னிரண்டரை கிலோ, ஆள் தோளில் தூக்கிக்கொண்டு மாடி ஏறி வருவார். இருபது நிமிடம் ஷவரில் நின்றால் வீட்டம்மா கதவைத் தட்டுவார். வெறுங்காலோடு வீட்டுக்குள் நடந்தால் திட்டு விழும், சளி பிடிக்கும், செருப்பைப் போடு என்று. நம் வீட்டுப் பிள்ளைகள் முதலில் மாட்டிக்கொள்வது இதில்தான். மதியச் சாப்பாடு இரண்டரை மணிக்கு, ராத்திரிச் சாப்பாடு ஒன்பதரைக்கு. நீங்கள் சைவமா என்று எழுதவில்லை. சைவம் என்றால் விண்ணப்பத்திலேயே மீன் கிடையாது, பன்றி கிடையாது என்று தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். வெறுமனே சைவம் என்று எழுதினால் சாலட்டில் டூனா வரும், பருப்பில் சோரிசோ என்ற பன்றி இறைச்சித் துண்டு கிடக்கும், அது இறைச்சிக் கணக்கில் வராது என்று அவர்கள் மனதார நம்புவார்கள். முட்டை சாப்பிடுவாள் என்றால் கவலை இல்லை, உருளைக்கிழங்கு ஆம்லெட்டிலேயே ஒரு செமஸ்டரை ஓட்டிவிடலாம்.

எம்கேட். இதில் உங்கள் கவலை சரியானது, ஆனால் முடிவு சரியில்லை. மூன்றாம் ஆண்டு முடிந்ததும் நேராக விண்ணப்பிக்கிறவர்கள் பெரும்பாலும் அந்த வருட ஜனவரியிலிருந்து மே வரைக்குள் தேர்வு எழுதுவார்கள். ஆகவே ஸ்ப்ரிங் செமஸ்டரில் போவது தொல்லை. ஃபாலில், செப்டம்பரில் போய் டிசம்பரில் திரும்பினால் தொல்லை இல்லை. ஆனால் ஃபாலில் ஒரு சிக்கல் இருக்கிறது, பலர் போய்ச் சேர்ந்த பிறகுதான் கண்டுபிடிப்பார்கள். கிரனாடா பல்கலைக்கழகம் 1531-இல் தொடங்கியது, அதன் நாள்காட்டி அமெரிக்காவைக் கேட்டு நடக்காது. அங்கே முதல் செமஸ்டருக்கான தேர்வுகள் ஜனவரியில். ஸ்பானிய மாணவர்களோடு ஒரே வகுப்பில் சேர்ந்தால் டிசம்பரில் கிளம்ப முடியாது, இங்கே அடுத்த செமஸ்டர் தொடங்கிவிடும். அதே பல்கலைக்கழகத்தின் நவீன மொழிகள் மையம் ரியலேஹோ பகுதியில் இருக்கிறது, வெளிநாட்டு மாணவர்களுக்கென்றே வகுப்புகள் நடத்துகிறது, அவை டிசம்பருக்குள் முடிகிற மாதிரி அமைத்துக்கொள்ளலாம். அதை எடுக்கச் சொல்லுங்கள். ஸ்பானிய மாணவர்களோடு உட்காரும் வாய்ப்பு போகிறதே என்றால், ஆமாம், போகிறது. அதற்குத்தான் அந்த வீடும் அந்த மேசையும்.

ஆர்கானிக் கெமிஸ்ட்ரி மாதிரிப் பாடங்களை அங்கே படிக்கவே கூடாது. மருத்துவக் கல்லூரிகள் அந்த அடிப்படைப் பாடங்களை அமெரிக்க வகுப்பறையில் படித்திருப்பதைத்தான் விரும்புகின்றன. ஆகவே வரலாறு, கட்டடக்கலை என்று அவள் சொன்ன பட்டியல் விளையாட்டுப் பட்டியல் இல்லை, விவரம் தெரிந்த பெண்ணின் பட்டியல். பட்டத்துக்கு எப்படியும் எடுத்தாக வேண்டிய பொதுப்பாடங்களை அங்கே வைத்து முடிக்கப் பார்க்கிறாள். ஒவ்வொரு பாடமும் இங்கே எதற்குச் சமமாகக் கணக்கில் வரும் என்று கிளம்புவதற்கு முன்னாலேயே துறையில் எழுத்தில் வாங்கிவிட வேண்டும், வந்து பார்த்துக்கொள்ளலாம் என்பது மட்டும் கூடாது. மதிப்பெண் ஜிபிஏ என்ற சராசரிக் கணக்கில் சேருமா, கிரெடிட் மட்டும் வருமா என்பதும் கல்லூரிக்குக் கல்லூரி, திட்டத்துக்குத் திட்டம் மாறும். ஸ்பெயினில் பத்துக்கு மதிப்பெண், ஏழு வாங்கினாலே நல்ல பிள்ளை. அந்த ஏழு மதிப்பெண்ணை இங்கே ஏ, பி என்று எழுத்தாக மாற்றுவதற்கு ஒரு அட்டவணை இருக்கும், அதையும் கேட்டு வாங்கிப் பார்த்துவிடுங்கள்.

பணம். நேரடிப் பரிமாற்றத் திட்டம் இருந்தால் இங்கே கட்டுகிற கட்டணத்தையே கட்டி அங்கே படிக்கலாம், ஆனால் இடம் குறைவு. மற்றத் திட்டங்களில் உள்மாநிலக் கட்டணத்தைவிட நிச்சயம் கூடுதல். கில்மன் உதவித்தொகை, வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு அரசு தரும் பெல் கிராண்ட் வாங்குகிற மாணவர்களுக்கு, உங்கள் வீட்டு வருமானத்துக்கு வராது என்று நினைக்கிறேன். ஆனால் டெக்சஸ் அரசுப் பல்கலைக்கழகங்களில் சர்வதேசக் கல்விக் கட்டணம் என்று செமஸ்டருக்கு ஓரிரு டாலர் எல்லா மாணவர்களிடமும் வாங்கி, அதை இப்படிப் போகிறவர்களுக்கே உதவித்தொகையாகக் கொடுக்கும் ஏற்பாடு இருக்கிறது. மகளுடைய கட்டணச் சீட்டில் அது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அவளும் கட்டிக்கொண்டுதான் இருக்கிறாள், விண்ணப்பிக்க எந்தக் கூச்சமும் வேண்டாம்.

விசா. அமெரிக்க பாஸ்போர்ட்டுக்கு 90 நாள் வரை விசா வேண்டாம், செமஸ்டர் அதைத் தாண்டும், ஆகவே மாணவர் விசா. டெக்சஸ்காரர்களுக்கு ஹூஸ்டனில் இருக்கும் ஸ்பானியத் துணைத் தூதரகம். ஆறு மாதத்துக்குள் என்பதால் போலீஸ் சான்றிதழ் அலைச்சல் இல்லை. ஆனால் விண்ணப்பித்தால் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்வது சகஜம், வாரக்கணக்கில் திரும்பி வராது. ஜூன், ஜூலையில் ஊருக்குப் போக டிக்கெட் போட்டிருக்கிறீர்களா? அந்த வருடம் அவளை விட்டுவிட்டுத்தான் போக வேண்டியிருக்கும், பாட்டி தாத்தாவுக்கு இப்போதே சொல்லிவிடுங்கள். (இதை வாசிக்கும் மற்றவர்களுக்கு: பிள்ளை இந்தியப் பாஸ்போர்ட்டில், பெற்றோரின் வேலை விசாவைச் சார்ந்த எச்-4 விசாவில் இருந்தால் இது முற்றிலும் வேறு கதை. திரும்பி அமெரிக்காவுக்குள் நுழைவதற்கான விசா ஸ்டாம்பிங், 21 வயதானால் எச்-4 முடிந்துவிடும் கணக்கு எல்லாம் குறுக்கே வரும். கல்லூரி அலுவலகத்தைக் கேட்காமல் எதையும் செய்யாதீர்கள்.)

டெக்சஸ் மக்கள்தொகையில் பத்தில் நான்கு பேர் ஹிஸ்பானிக். அங்கே மருத்துவராகப் போகிற பெண்ணுக்கு ஸ்பானிஷ் எவ்வளவு உதவும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. இதை உங்கள் கையில் கொடுத்தால் உறவுக்காரர்கள் கேட்கும்போது சொல்வதற்கு வசதியாக இருக்கும், சொல்லுங்கள். ஆனால் அதற்காக அவளை அனுப்பாதீர்கள். நீங்கள் எம்.எஸ். படிக்க இங்கே வந்தபோது என்ன பாடம் படித்தீர்கள் என்பதைவிட, தெரியாத ஊரில் தெரியாத மனிதர்களிடம் உதவி கேட்கப் பழகினீர்களே, அது இன்றுவரை உங்களுக்கு உதவிக்கொண்டிருக்கும். உங்களுக்கு அதைச் செய்தே தீர வேண்டிய கட்டாயம் இருந்தது. அவளுக்கு இல்லை. கார், கிரெடிட் கார்டு, இரண்டு மணி நேரத் தொலைவில் அப்பா. கட்டாயம் இல்லாமலே அவள் அதைத் தேடிப் போகிறேன் என்கிறாள், நீங்கள் அதைத்தான் ஃபேஷன் என்கிறீர்கள்.

போன பிறகு தினமும் வீடியோ கால் வேண்டாம். வாரம் ஒருமுறை போதும், அதையும் அவளே கூப்பிடட்டும். முதல் மூன்று வாரம் அழுவாள், அந்த அழுகையை உங்கள் மனைவியிடம் விட்டுவிடுங்கள், நீங்கள் நடுவில் புகுந்து டிக்கெட் போட்டுவிடுவீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

தேங்க்ஸ்கிவிங்குக்குப் போகாதீர்கள். அது ஸ்பெயினில் சாதாரண வியாழக்கிழமை, அவளுக்கு வகுப்பு இருக்கும், தேர்வும் நெருங்கியிருக்கும். டிசம்பரில் தேர்வு முடிகிற நாளைக் கேட்டுக்கொண்டு அதற்கு மறுநாள் போய் இறங்குங்கள், சுற்றிக்காட்டிவிட்டு உங்களோடு திரும்பட்டும். கிரனாடாவின் பழைய அரண்மனைக் கோட்டையான அல்ஹம்ப்ராவுக்கு மட்டும் இங்கிருந்தே ஆன்லைனில் முன்பதிவு செய்துவிடுங்கள், பாஸ்போர்ட் எண் கேட்பார்கள், உள்ளே நாஸ்ரிட் அரண்மனைகளுக்கு நேரம் குறித்துக் கொடுப்பார்கள், அந்த நேரம் தவறினால் எவ்வளவு கெஞ்சினாலும் விட மாட்டார்கள். காலை நேரமாகப் பார்த்து எடுங்கள், கனமான ஜாக்கெட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.