முகத்தில் பூசும் கல்: டால்கம் பவுடர் பற்றிச் சில கேள்விகள்

முப்பது ஆண்டுகளாக மருந்துக்கடை நடத்துபவன் என்பதால் பவுடர் பற்றி வந்த கேள்விகளை என்னிடம் தள்ளிவிட்டார்கள். தெரிந்ததைச் சொல்கிறேன்.

பவுடர் எதில் செய்வது? மாவா, சுண்ணாம்பா?

இரண்டும் இல்லை, கல். டால்க் என்ற கனிமத்தை நைசாக அரைத்து, வாசனை சேர்த்து டப்பாவில் அடைக்கிறார்கள். கனிமங்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் வைரத்துக்கு 10, இதற்கு 1. நகத்தால் கீறினாலே கோடு விழும். பாட்டி வத்தக்குழம்பு வைத்த கல்சட்டியும் இதற்குச் சொந்தம்தான். அதைச் செய்யும் மாக்கல்லில் பெரும்பகுதி டால்க். இந்தக் கல் தாள்தாளாக அடுக்கியது போன்ற அமைப்புடையது. ஒரு தாள் இன்னொன்றின் மேல் வழுக்கும். வழவழப்பு அதனால் வருகிறது. தண்ணீரை ஒதுக்கும், எண்ணெயைப் பிடித்துக்கொள்ளும்.

பட்டுப்புடவையில் சாம்பார் எண்ணெய் பட்டுவிட்டது. என்ன செய்யலாம்?

முதலில் தண்ணீர் தொட்டுத் தேய்ப்பதை நிறுத்துங்கள் அம்மா. கல்யாணப் பந்தியில் எல்லோரும் செய்யும் தவறு அது. கறையை மெல்லிய துணியால் ஒற்றி எடுத்து, பவுடரைக் கெட்டியாகத் தூவி இரவு முழுவதும் விட்டுவிடுங்கள். காலையில் மென்மையான பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். எண்ணெய் மிச்சமிருந்தால் இன்னொரு முறை. மஞ்சள் நிறம் இதற்குப் போகாது, அதற்கு டிரை கிளீனிங்தான். பழைய கறையிலும் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம்.

வேர்க்குருவுக்குப் பவுடர் போட்டும் குறையவில்லையே?

வியர்வை வழியும் உடம்பில் கொட்டினால் திட்டுத்திட்டாக நிற்கும், அவ்வளவுதான். வேர்க்குரு என்பது வியர்வை வெளியேறும் வழி அடைபடுவது. குளித்து, நன்றாகத் துடைத்து, காற்றாடிக்குக் கீழே உலர்ந்தபின் மெல்லியதாகப் பூசுங்கள். பருத்தி உடை பாதி வேலையைச் செய்துவிடும். தொடையிடுக்கில் வட்டமாகச் சிவந்து அரித்தால் அது படர்தாமரையாக இருக்கலாம். பவுடரால் போகாது, மருத்துவரிடம் காட்டுங்கள்.

கைக்குழந்தைக்குக் குளிப்பாட்டியதும் பவுடர் போடுவது எங்கள் வீட்டு வழக்கம். தவறா?

வழக்கத்தை விட்டுவிடுங்கள் என்றே சொல்வேன், மாமியார் கோபித்தாலும் சரி. தூள் பறந்து மூச்சுக்குழலுக்குள் போனால் குழந்தைக்கு மூச்சுத்திணறல் வரலாம். டப்பாவை விளையாடக் கொடுப்பது இன்னும் மோசம். மூடி திறந்து முகத்தில் கொட்டிக்கொள்ளும்.

புற்றுநோய் வரும் என்கிறார்களே?

பூமிக்குள் டால்க் இருக்கும் இடத்துக்கு அருகிலேயே கல்நார் எனப்படும் ஆஸ்பெஸ்டாஸும் சில சமயம் கிடக்கும். வெட்டும்போது கலந்துவிட்டால் ஆபத்து. கல்நார் புற்றுநோய் உண்டாக்கும் என்பதில் ஐயமில்லை. கல்நார் கலக்காத டால்க்கையும் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2024 ஜூலையில் ‘அனேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது’ என்ற பிரிவில் சேர்த்தது. வழக்குகள் குவிந்த நிலையில் ஜான்சன் அண்ட் ஜான்சன் 2023-இல் உலகெங்கும் டால்க் குழந்தைப் பவுடரை நிறுத்திச் சோளமாவுக்கு மாறியது. தன் பவுடர் பாதுகாப்பானதே என்று அந்நிறுவனம் சொல்கிறது. கழுத்தில் கொஞ்சம் பூசுவதற்காக நடுங்க வேண்டாம். பெண்கள் பிறப்புறுப்புப் பகுதியில் போடுவதைத் தவிர்க்கலாம்.

கேரம் பலகைக்கு முகப்பவுடர் போதுமா என்று தம்பி கேட்கிறான்.

அவசரத்துக்குப் போதும். ஆனால் மழைக்காலத்தில் கட்டிபிடித்துக் காய் சிக்கும். ஆட்டக்காரர்கள் பலரும் போடுவது போரிக் அமிலப் பொடி. அது வாய்க்குள் போனால் நஞ்சு. ஆட்டம் முடிந்ததும் கை கழுவச் சொல்லுங்கள்.

சங்கிலியில் விழுந்த முடிச்சு?

பவுடர் தூவி, இரண்டு ஊசிகளால் மெல்லத் தளர்த்துங்கள். வழுக்கிக்கொண்டு பிரியும். சைக்கிள் கடையில் டியூப் டயரோடு ஒட்டாமலிருக்கப் பவுடர் தடவுவதும் இதே கணக்குத்தான்.

பவுடர் போட்டால் நிறம் கூடுமா?

முகம் கழுவும்வரை.