ப்ரோட்டோடைப்பை ஆட்களிடம் கொடுத்துப் பார்ப்பது: கேள்வி பதில்

அக்கா, கல்லூரி ப்ராஜெக்டுக்காக பஸ் டிக்கெட் செயலி ஒன்றின் ப்ரோட்டோடைப்பை, அதாவது தொட்டுப் பார்க்கக்கூடிய மாதிரியை, ஃபிக்மா என்ற டிசைன் மென்பொருளில் செய்திருக்கிறோம். ஐந்து பேரிடம் சோதித்தால் போதும் என்கிறார்களே, அது என்ன கணக்கு?

செயலிகள் பயன்படுத்த எளிதா என்று ஆராய்ந்த ஜேக்கப் நீல்சனும் தாமஸ் லேண்டவரும் 1993இல் போட்ட கணக்கு. அவர்கள் பார்த்த ப்ராஜெக்டுகளில் ஓர் ஆள் சராசரியாக 31 சதவீதச் சிக்கல்களில் இடறினார். அடுத்தடுத்து வருபவர்கள் பெரும்பாலும் அதே பள்ளங்களில்தான் விழுவார்கள். ஐந்தாவது ஆள் முடிக்கும்போது 85 சதவீதம் வரை வெளியே வந்துவிடும். ஆனால் 31 என்பது அந்த ப்ராஜெக்டுகளின் சராசரி. உங்களுடையதற்கும் அதேதான் வரும் என்று யாரும் எழுதித் தரவில்லை. பயணியும் கண்டக்டரும் பயன்படுத்தும் செயலி என்றால் இரண்டு தரப்பிலும் தனித்தனியாக ஆள் வேண்டும். பதினைந்து பேர் கிடைத்தாலும் ஒரே மூச்சில் முடித்துவிடாதீர்கள். ஐந்து பேர், திருத்தம், மறுபடி ஐந்து பேர். இன்னொன்று: ஐந்தில் மூன்று பேர் தடுமாறினால் "60% பயனர்கள்" என்று ஸ்லைடில் போடாதீர்கள், மூன்று பேர் என்றே எழுதுங்கள்.

ஹாஸ்டல் நண்பர்கள், சித்தி, அத்தை போதாதா?

ஒத்திகைக்குப் போதும். அறுந்துபோன இணைப்புகளை அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள். அதற்கு மேல் நம்பாதீர்கள். சித்தி உங்களை விட்டுக்கொடுக்க மாட்டார்.

வெளியாட்களைத்தான் கூப்பிட்டோம். அவர்களும் "நல்லா இருக்கு" என்றே சொல்கிறார்கள். என்ன செய்வது?

வாயைக் கேட்காதீர்கள், விரலைப் பாருங்கள்.

ஒரு கிளினிக் செயலியின் ப்ரோட்டோடைப்பை அறுபதைத் தாண்டிய ஓர் அம்மாவிடம் கொடுத்திருந்தேன். டாக்டர், நாள், நேரம் எல்லாம் சரியாகத் தேர்ந்தெடுத்தார். கடைசித் திரையில் "சமர்ப்பி" பொத்தானுக்கு மேலே விரல் அப்படியே நின்றுவிட்டது. "என்னம்மா யோசிக்கிறீங்க?" என்றேன். "சமர்ப்பணம்னா சாமிக்குத்தானே பண்ணுவாங்க?" என்றார். எங்கள் அலுவலகத்தில் அந்தச் சொல்லை யாரும் ஒரு நொடிகூட யோசித்ததில்லை. கிளம்பும்போது அவரும் "ரொம்ப நல்லா இருக்கு கண்ணு" என்றுதான் சொன்னார். அடுத்த சுற்றில் "அனுப்பு" என்று மாற்றினோம், விரல் நிற்கவில்லை.

நீங்கள் கொடுக்கும் வேலையையும் ஒருமுறை வாசித்துப் பாருங்கள். "முன்பதிவு செய்யுங்கள்" என்று சொல்லிவிட்டு, திரையிலும் "முன்பதிவு" என்றே பொத்தான் இருந்தால் அது எழுத்துக்கூட்டும் பரீட்சை. "வெள்ளிக்கிழமை ராத்திரி மதுரைக்குப் போகணும், ஜன்னலோர சீட் வேணும்" என்று சொல்லி போனை நீட்டுங்கள்.

மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லவைக்கும் முறையை ஐபிஎம்மில் இருந்த கிளேட்டன் லூயிஸ் 1982இல் எழுதிவைத்தார். நம் ஆட்களுக்கு முன்பின் தெரியாதவர் எதிரே தனியாகப் பேச வெட்கம். அதனால் முதலில் அவர்கள் போனிலேயே ஒரு பழைய போட்டோவைப் பேசிக்கொண்டே தேடச் சொல்வேன்; இரண்டு நிமிடத்தில் கூச்சம் போய்விடும். நடுவில் "இதை அழுத்தணுமா?" என்று கேட்டால் "நான் பக்கத்துல இல்லைன்னா என்ன பண்ணுவீங்க?" என்று திருப்பிக் கேளுங்கள். பிறகு பேசாமல் இருங்கள். உதவிக்குத் துடிக்கும் கையை அடக்குவதுதான் இந்த வேலையில் பெரும்பாடு.

தவறான இடத்தைத் தொட்டால் சரியான இடத்தில் நீலக் கட்டம் மின்னுகிறது. அதைப் பார்த்தே எல்லோரும் கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

அது ஃபிக்மா காட்டிக்கொடுக்கும் விடை. ப்ரோட்டோடைப் ஓடும் பக்கத்தின் அமைப்புகளிலேயே அதை அணைத்துவிடலாம். அது மின்னியபடி எடுத்த சோதனைகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

லேப்டாப்பில் மவுஸ் வைத்துச் சோதிப்பவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: போனில்தான் பாருங்கள். தொடும் இடம் குறைந்தது 48 டிபி (திரையில் அளவு சொல்லும் அலகு) இருக்கட்டும் என்கிறது ஆண்ட்ராய்டு வழிகாட்டி. ஆப்பிள் தன் அலகில் 44 பாயின்ட் என்கிறது. "புக்" என்றிருந்த பொத்தானில் "முன்பதிவை உறுதிசெய்" என்று எழுதினால் எத்தனை வரி போகிறது என்பதும் அங்கேதான் தெரியும்.

மேடம், எங்கள் மேனேஜருக்கு ஒரே ஒரு மதிப்பெண் வேண்டுமாம்.

எஸ்யூஎஸ் (System Usability Scale, பயன்படுத்த எவ்வளவு எளிது என்று அளக்கும் கேள்வித்தாள்) கொடுங்கள். ஜான் புரூக் 1986இல் உருவாக்கியது. பத்து வாக்கியங்கள், ஒவ்வொன்றையும் எவ்வளவு ஏற்கிறார்கள் என்று 1 முதல் 5 வரை. ஒற்றைப்படை வாக்கியங்களில் விடையிலிருந்து 1 கழிக்கவும், இரட்டைப்படையில் 5இலிருந்து விடையைக் கழிக்கவும், கூட்டி 2.5ஆல் பெருக்கவும். 68 வந்தால் நடுத்தரம். நூற்றுக்கு என்று இருந்தாலும் அது சதவீதம் இல்லை என்பதை மேனேஜருக்கு முதலிலேயே சொல்லிவிடுங்கள். இரட்டைப்படை வாக்கியங்கள் எதிர்மறையானவை. தமிழில் மாற்றும்போது "இல்லை", "முடியாது" என்று அடுக்கினால் ஆட்கள் தலைகீழாக டிக் அடித்துவிடுவார்கள். ஐந்து பேரை வைத்து எடுத்த எண் அடுத்த ஐந்து பேரிடம் நன்றாகவே ஏறி இறங்கும், அதையும் சொல்லுங்கள்.

வீடியோ எடுக்கலாமா? பணம் எப்போது கொடுப்பது?

கையும் திரையும் தெரிந்தால் போதும், முகம் எதற்கு? எதற்காக எடுக்கிறோம், யார் பார்ப்பார்கள், எப்போது அழிப்போம் என்று சொல்லி, சம்மதம் வாங்கிய பிறகே கேமராவைத் தொடுங்கள். பணத்தை உட்கார்ந்ததுமே கொடுத்துவிடுங்கள். கடைசியில் தருவதாக வைத்தால், கவர் கைக்கு வரும்வரை யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.