மறுமொழி: டொரோண்டோ பழைய வீடு, புகைபோக்கி உச்சியில் விரிசல்
வணக்கம். போன வருடம் புகைபோக்கியின் உச்சியை மூடிப் பூசிய பூச்சு ஒரே குளிர்காலத்தில் வெடித்து, துண்டு துண்டாகப் பெயர்கிறது, மேலிருக்கும் மூடியும் துருப்பிடித்துவிட்டது என்கிறீர்கள். செங்கல் கட்டும் சாந்தையே மேலேயும் அப்பியிருப்பார்கள். அதில் இறங்கும் நீர் உறைந்தால் பிளக்கத்தான் செய்யும். அதன்மேல் அதே சாந்தில் இன்னொரு பூச்சு வீண் செலவு.

மயிரிழை விரிசல் மட்டும் என்றால் ரப்பர் போல நெகிழும் பூச்சு போதும். உங்களுடையது துண்டு துண்டாகப் பெயர்கிறதே, அதனால் உடைத்துவிட்டுக் கான்கிரீட் வார்க்கச் சொல்லுங்கள்: வெளிப்பக்கம் சரிவு, சுவரைத் தாண்டி 2 அங்குல நீட்சி, அந்த நீட்சியின் அடியில், நீர் சுவரில் வழியாமல் சொட்டிவிட ஒரு காடி (நீளப் பள்ளம்). முக்கியமாக, நடுவில் புகை போகும் சுட்டமண் குழாயோடு கான்கிரீட் ஒட்டவே கூடாது. சூட்டில் குழாய் விரியும். இடைவெளி விட்டு, நெகிழும் சீலண்ட்டால் (இடுக்கை அடைக்கும் பசை) அடைக்கட்டும்.

அப்புறம், அந்தத் துருப்பிடித்த மூடிக்குப் பதிலாக வலை வைத்த ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் மூடி வாங்குங்கள். வேலையைப் பனிக்காலத்துக்கு முன்பே முடித்துவிடுங்கள்.